திமிங்கிலத்தின் வாயைப் பார்த்தவள்

பேச்சியம்மாளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அவள் திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குப் போய், தளி மலையில் முட்டைக்கோஸ் வயலுக்கு நடுவே வளர்ந்து, கடலை நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருத்தி திமிங்கிலப் பாடம் எடுக்கிறாள்.

அந்த ஒருத்தியின் பெயர் பிரவீனா. கிருஷ்ணகிரிக்கு வெளியே இருக்கும் அந்த மாங்கூழ் ஆலைக்குப் போன சீசன் முடிகிற தறுவாயில் வந்து சேர்ந்தவள். இருவருக்கும் பழம் கழுவும் பகுதியில் வேலை. பெரிய தொட்டியில் மாம்பழம் மிதந்து போகும். கழுவிய தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக ஓடி, வலையில் வடிந்து, மறுபடி தொட்டிக்கே வரும். இலையும் காம்பும் தோலும் வலையில் அப்பிக்கொண்டால் தண்ணீர் நின்றுபோகும், வேலையும் நின்றுபோகும். வெளியே மத்தூர் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பார்கள்.

இரண்டு வலை வைத்து, ஒன்றைக் கழுவும்போது இன்னொன்றை மாட்டலாம் என்று ஒரு காலத்தில் சொன்னவள் பேச்சியம்மாள்தான். அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய யோசனை நன்றாக வேலை செய்கிறதோ, அவர்தான் சீசன் தொடக்கப் பூஜையில் முதல் கிரேட், அதாவது முதல் பெட்டிப் பழத்தைத் தொட்டியில் கொட்ட வேண்டும். பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டு, எல்லாரும் கைதட்ட, பேச்சியம்மாள்தான் வருடா வருடம் கொட்டுவாள். அந்தப் போட்டோதான் அவளுடைய வாட்ஸ்அப் முகப்புப் படம். ஊரில் நாத்தனார்கள் அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் அவளுக்குத் தனிச் சந்தோஷம்.

புது சீசனுக்காக ஆலையைத் தயார்செய்யும் இந்த நாட்களில், அந்தக் கிரேட்டுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

"அக்கா, செல்லுல ஒரு வீடியோ பார்த்தேன். திமிங்கிலத்துல ஒரு வகைக்குப் பல்லே கெடையாதாம்க்கா," என்றாள் பிரவீனா, சாப்பாட்டு டப்பாவை மூடாமலே. "மேல் தாடையில ரெண்டு பக்கமும் சீப்பு சீப்பா தொங்குது. நம்ம நகம் இருக்குதில்ல, அதே சரக்குதான். உள்பக்கத்து ஓரமெல்லாம் நைஞ்சு முடி முடியா இருக்கும். வாயத் தொறந்துக்கிட்டே நீந்துது. தண்ணி முன்னால புகுந்து, சீப்பு இடுக்கு வழியா ரெண்டு பக்கமும் வெளிய போயிருது. பொடி எறால் மட்டும் உள்ள தங்கிருது."

"முடியில அப்பிக்கிடாதா?" கேட்கக் கூடாது என்று நினைத்தும் பேச்சியம்மாள் கேட்டுவிட்டாள்.

"அதான்க்கா விஷயமே! தண்ணி முடி மேல நேரா மோதல. முடிய ஒட்டிக்கிட்டே ஓடுது. அதனால எறால் அங்க அப்பாம, தொண்டப் பக்கமா தள்ளிக்கிட்டுப் போகுது. நம்ம வலையில தண்ணி நேராப் போய் முட்டுது பாருங்க, அதான் அடைக்குது. வாய்க்கால் ரெண்டு பக்கமும் நீளமா பிரஷ் வச்சிட்டா, தண்ணி பக்கவாட்டுல வடியும், குப்பை கடைசில கூடைக்குப் போயிரும்."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேச்சியம்மாளுக்குப் புரிந்துவிட்டது, இது வேலை செய்யும் என்று. அதுதான் தாங்கவில்லை. கிறுக்குத்தனமான யோசனையாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

"எதுக்கும் உங்களக் கேட்டுக்கறேன்க்கா. நீங்கதான் வாய்க்குள்ளயே பார்த்தவங்களாச்சே," என்றாள் பிரவீனா.

பார்த்தவள்தான்! சின்ன வயதில் அவள் ஊரில் ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கியது உண்மை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, கருத்த முதுகை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவந்தவள் அவள். போன வருடம் சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்லும்போதுதான், வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்ததாக அது வளர்ந்தது.

"ஏட்டி, செல்லுல காட்டுததெல்லாம் நெசம்னு நெனைக்கியா?" என்றாள் பேச்சியம்மாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "நான் கண்ணால பாத்தவ. அந்தச் சீப்பு பக்கவாட்டுல எல்லாம் கெடையாது. வாய்க்குக் குறுக்க, கதவு மாரி நிக்கும். நீயும் அப்படியே வையி."

பிரவீனா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள்.

பூஜைக்கு முதல் நாள் காலையில் சோதனை ஓட்டம். முதலாளி சென்னகிருஷ்ணனும் வந்து நின்றார். வாய்க்காலுக்குக் குறுக்கே, கதவு மாதிரியே, பிரஷ்கள் வரிசையாக நின்றன. இலையும் காம்பும் கொட்டித் தண்ணீரைத் திறந்தார்கள். கொஞ்ச நேரம்தான். குப்பை மொத்தமும் பிரஷில் அப்பி, வாய்க்கால் வழிந்து, முதலாளியின் செருப்பு நனைந்தது.

"என்னம்மா இது? பழைய வலையே தேவலாம் போலிருக்கே," என்றார் அவர்.

பேச்சியம்மாளுக்கு மோர் குடித்த மாதிரி வயிறு குளிர்ந்தது.

"இப்பிடிக் குறுக்க வைக்கச் சொல்லி யாரு உனக்குச் சொன்னது?" என்று கேட்டார் பம்ப் ஆபரேட்டர் திம்மப்பன்.

பிரவீனா திரும்பிப் பேச்சியம்மாளைப் பார்த்தாள். பேச்சியம்மாள் குனிந்து, தரையில் சிதறிய இலைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"யாரும் சொல்லலண்ணா. நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன். சார், இன்னொரு தடவ மாத்தி வச்சுப் பார்க்கறேனுங்க."

மதியமே மாற்றி வைத்தாள், வாய்க்காலின் இரண்டு பக்கமும், நீளவாக்கில். தண்ணீர் பிரஷ்களை உரசிக்கொண்டு ஓடி, பக்கங்களில் தெளிவாக வடிந்தது. குப்பை வரிசை பிடித்துக் கூடைக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார். காலையில் குளிர்ந்த வயிறு இரண்டு மடங்காக எரிந்தது.

கை கழுவும் இடத்தில் பிரவீனா பக்கத்தில் வந்து நின்றாள். "விடுங்கக்கா. சின்ன வயசுல பார்த்தது, மறந்திருக்கும். எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா வீடியோவ விட உங்களத்தான் நம்புனேன்."

குத்திக்காட்டுகிறாளா என்று பேச்சியம்மாள் அவள் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. குத்தலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருக்கலாம்.

மறுநாள் பூஜை. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தாயிற்று. முதல் கிரேட்டில் மாலையோடு பெங்களூரா மாம்பழங்கள் மஞ்சளாக மின்னின. "பிரவீனா, வாம்மா," என்றார் முதலாளி.

"அக்காவே கொட்டட்டும் சார்," என்றாள் பிரவீனா. "திமிங்கிலத்தப் பத்தி எனக்கு மொதல்ல சொன்னதே அவங்கதானுங்க. அவங்க கதையக் கேட்டுதான் நான் தேடியே பார்த்தேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் கை இரண்டும் கிரேட்டைப் பிடித்துவிட்டன. தூக்கிக் கொட்டினாள். பழங்கள் தண்ணீரில் விழுந்து உருண்டன. எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்து அவள் போனுக்கு அனுப்பினார்கள்.

டீ நேரத்தில் தனியாக உட்கார்ந்து படத்தைத் திறந்தாள். கிரேட்டோடு அவள். அவள் தோளுக்குப் பின்னால் பிரவீனா, கைதட்டியபடி, வாய் கொள்ளாத சிரிப்போடு. கிரேட்டை விட்டுக்கொடுத்தவள் எப்படி இப்படிச் சிரிக்க முடியும்? இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அடுத்தவளுக்காகத் தான் இப்படிச் சிரித்ததுண்டா? கிரேட்டின்மேல் வந்த பொறாமையெல்லாம் இந்தச் சிரிப்பின்மேல் வந்த பொறாமைக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

முகப்புப் படமாக வைப்பதற்காக, பிரவீனா நின்ற பக்கத்தை வெட்டிப் பார்த்தாள். வெட்டியதும் தன் முகம் மட்டும் திரையில் பெரிதாக வந்தது. அதை அவளாலேயே பார்க்க முடியவில்லை. போன வருடப் படமே இருக்கட்டும் என்று போனை அணைத்துவிட்டாள்.