எட்டாம் கோட்டில் மயிலாப்பூர்

சம்பங்கி மேஸ்திரியின் மீசையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் ஆபத்தில் மாட்டிக்கொண்டது அதுதான். அந்தக் காலத்து மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் எட்டத்திலிருந்தே கண்ணில் படுகிற பொருள்கள் இரண்டு. ஒன்று சுரங்கக் குழியான ஷாஃப்டின் தலைக்கு மேல் சுற்றும் சக்கரம், இன்னொன்று அந்த மீசை. அதன் இடது முனை ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் நுழையும்போது வலது முனை மாரிக்குப்பம் ஸ்டேஷனை விட்டே கிளம்பியிருக்காது. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் வழக்கமாக ஏறுகிறவர்களில் ஒருவர், சம்பங்கி ஏறும் நாளில் மட்டும் அடுத்த நடைக்குக் காத்திருக்க வேண்டும். மீசைக்கும் ஓர் ஆள் இடம் வேண்டுமல்லவா.

மீசைக்கு அடுத்தபடி அவர் உயிரை வைத்திருந்தது ஒரு புத்தகத்தின் மேல். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயரின் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். நாற்காலிக்கும் விளக்குக்கும் ஊரே அடித்துக்கொண்டது. சம்பங்கி ஒரு தோல்பையை எடுத்தார். பைக்குள் சென்னப்பட்டணத்துக்கு வழி சொல்லும் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடந்தது. அதன் நடுவில் மடித்து வைத்திருந்த மேப்பைப் பிரித்தால் பிரித்துக்கொண்டே போகலாம். வீட்டுக்குள் இடம் போதாமல் பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்கலாமா என்று யோசித்ததாகக்கூடப் பேச்சு உண்டு.

மேஸ்திரிக்கு இங்கிலீஷில் எண்கள் மட்டும் தெரியும். மாதாகோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார் எட்மண்டைக் கூப்பிட்டு மேப்பில் இருந்த பெயர்களையெல்லாம் படிக்கச் சொன்னார், ஒன்று விடாமல் மனசில் ஏற்றிக்கொண்டார். அன்றிலிருந்து ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்தால் நேரே பட்டணம்தான். திங்கட்கிழமை திருவல்லிக்கேணி, செவ்வாய்க்கிழமை சிந்தாதிரிப்பேட்டை என்று விரலாலேயே சுற்றிவருவார். அவர் மனைவி வெங்கடம்மா குழாயடியில் சொல்வாள், வீட்டுக்காரர் ராயப்பேட்டையில் இருக்கிறார், சோறு ஆறிப்போகிறது என்று. பட்டணம் போகிற யாரும் மேஸ்திரியிடம் வழி கேட்காமல் ரயில் ஏறுவதில்லை. அவர் பட்டணத்தைக் கண்ணால் கண்டதில்லை என்பது யாருக்கும் பெரிய குறையாகத் தோன்றவுமில்லை.

சுரங்கத்தின் அடியில் பாறை சரியாமல் மரம் கட்டுகிற வேலை அவருடையது. அதனால் சுரங்கத்து மேலதிகாரியான கேப்டன் துரையின் ஆபீசில் மாட்டியிருக்கும் சுரங்கப் படம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். படத்தில் குறுக்கே கோடு கோடாகப் போட்டிருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு லெவல், ஒரு லெவலுக்கும் அடுத்த லெவலுக்கும் நூறு அடி, ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று எண். பட்டணத்து மேப்பிலும் அதே மாதிரி குறுக்குக் கோடுகள், ஓரத்தில் அதே மாதிரி எண்கள். வேறென்ன வேண்டும்? சென்ட்ரல் ஸ்டேஷன் ஒன்றாம் கோட்டில். மயிலாப்பூர் எட்டாம் கோட்டில். நடுவில் ஏழு கோடு. ஆக எழுநூறு அடி. எட்மண்ட் வாத்தியாரைக் கேட்டிருந்தால், ஐயா, அது தெருவைத் தேடுவதற்காகப் போட்ட கட்டம் என்று சொல்லியிருப்பார். ஆனால் அவரைப் பெயர் படிக்கத்தானே கூப்பிட்டார்கள்.

வெங்கடம்மாவின் தம்பி பெருமாள் அதே கூட்டத்தில் மரம் கட்டுகிறவன். அக்காள் புருஷனைக் கேலி செய்வதை அவன் தன் குலத்தொழிலாகவே வைத்திருந்தான். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் பார்க்கப் போகலாம் என்று அவன் மனைவி பாப்பம்மா ஆரம்பித்ததும் அவனுக்கு நாக்கு அரித்தது.

"மாமா, அவ்ளோ பெரிய ஊருன்றாங்க. எழுநூறு அடில முடிஞ்சிடுமா?"

"பெரிய ஊருன்னா அகலம்டா. நீளம் இல்ல. நாம காலைல கஞ்சி குடிக்கறதுக்கு முன்னாடி அதவிட ஜாஸ்தி எறங்கறோம்."

"வழி தெரியலன்னா இன்னா பண்ணுவே? யாரையாவது கேப்பியா?"

கேட்பதா? சம்பங்கி மேஸ்திரியா? குழாயடியில் பத்துப் பேர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மீசையின் இரண்டு முனைகளையும் தடவிவிட்டு, சென்ட்ரலில் இறங்கியதிலிருந்து கபாலீசுவரர் கோயில் வாசலில் கால் வைக்கும்வரை ஒரு மனுஷனிடம் வழி கேட்டாலும் இந்த மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். கேட்காமல் போய்ச் சேர்ந்தால் பெருமாள் ஒரு வருஷம் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். வெங்கடம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் பேசாமல் போனது குழாயடியில் அதுவே முதல் தடவை.

எழுநூறு அடிதானே என்ற தைரியத்தில் பெண்கள் இரண்டு பேரும் மூட்டை கட்டினார்கள். ஒரு பானைப் புளிச்சோறு, பித்தளைச் சொம்புகள், பாய், தேங்காய், மயிலாப்பூரில் இருக்கும் பாப்பம்மாவின் சித்தி வீட்டுக்கு ஆட்டுக்குட்டி கனத்தில் ஒரு பூசணிக்காய். அம்மிக்கல்லை மட்டும் யோசித்துவிட்டு வைத்துவிட்டார்கள். இன்றைக்கு நாம் பங்காருபேட்டை என்று சொல்கிற பௌரிங்பேட்டையில் வண்டி மாறி, மறுநாள் காலையில் சென்ட்ரலில் இறங்கினார்கள்.

வாசலில் ஜட்கா வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாப்பம்மா பூசணிக்காயை இடுப்பு மாற்றிக்கொண்டு வண்டியை ஏக்கமாகப் பார்த்தாள். பெருமாள் ஒரு விதி சொன்னான்: மயிலாப்பூர் வருமா என்று வண்டிக்காரனைக் கேட்டால் அதுவும் கேட்டதுதான். குதிரையே இல்லாமல் மணியடித்துக்கொண்டு போன டிராமுக்கும் அதே விதி. மேஸ்திரி சிரித்தார். கூப்பிடு தூரத்துக்கு எவனாவது வண்டி வைப்பானா? மேப்பைப் பிரித்தார், தெற்கே திரும்பினார், நடந்தார்.

எழுநூறு அடி முடிந்த இடத்தில் கூவம் ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி பாலத்தின் மேல் நின்று கோயிலைத் தேடினார். கரையில் வண்ணார்கள் துணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். கழுதை ஒன்று இவர்களை நிமிர்ந்து பார்த்தது.

"மாமா, தெப்பக்கொளம் இதானா?" என்று பெருமாள் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மேஸ்திரி மேப்பைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மறுபடி மேப்பைப் பார்த்தார். ஆறு மேப்பில் சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதைத் தாண்டி இன்னும் ஆறு கோடு பாக்கி இருந்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்தாலும் குரல் தளரவில்லை.

"இது பட்டணத்து அடிடா. நம்ம ஊரு அடி மாதிரி சின்னதா இருக்காது."

அதற்குப் பிறகு பட்டணத்து அடி வளர்ந்துகொண்டே போனது. மவுண்ட் ரோடு பக்கம் வரும்போது ஓர் அடிக்குள் ஒரு மாட்டுவண்டி தாராளமாகத் திரும்பலாம். வெயில் உச்சிக்கு வந்தபோது அதற்குள் ஒரு கல்யாணமே நடத்தலாம். பானை பெருமாளின் தலைக்கு வந்தது. பூசணிக்காய் ஆளுக்கு ஒரு தெரு என்று முறை மாறியது. வெங்கடம்மா ஒவ்வொரு திருப்பத்திலும், இது எந்த லெவல், காற்று வருகிறதா, பாறை விழுமா என்று மரியாதையாக விசாரித்துக்கொண்டே வந்தாள். மேஸ்திரியின் மீசை வேர்வையில் நனைந்து, பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் கீழ்நோக்கிப் பார்த்தது.

ஆனாலும் திருப்பம் ஒன்றுகூடத் தப்பவில்லை. தூரம் தவறியதே தவிர, திசை தவறவில்லை. நடுவில் ஒரு வெளியூர்க் குடும்பம் இவர் கையில் மேப்பைக் கண்டு திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டது. மேஸ்திரிக்கு உயிர் வந்தது. சாய்ந்துகிடந்த மீசையை நிமிர்த்திவிட்டு, இப்படிப் போய் அப்படித் திரும்பு, இருநூறு அடி என்று கையைக் காட்டினார். அவர்கள் இதுவரை திரும்பி வந்து குறை சொல்லவில்லை.

ராயப்பேட்டை தாண்டியதும் ஜனங்கள் சேர ஆரம்பித்தார்கள். முன்னால் பத்துப் பேர், பின்னால் நூறு பேர், பிறகு எண்ணவே முடியாதபடி மூட்டையும் குழந்தையுமாக எல்லாரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். தன்னை நம்பித்தான் இவ்வளவு பேரும் வருகிறார்கள் என்று மேஸ்திரி முடிவு செய்து, யாரும் வழி தவறிவிடக் கூடாதே என்று புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மத்தியானம் திரும்பிய நேரத்தில் நாதஸ்வரம் காதில் விழுந்தது, நிஜமான தெப்பக்குளம் எதிரே வந்தது. கோயில் வாசல் அதோ, இன்னும் இருபது எட்டு வைத்தால் போதும்.

கேப்டன் என்ற சொல் பெருமாளின் வாயிலிருந்து எப்படி வரும் என்று கேட்கிற ஆசையோடு மேஸ்திரி திரும்பினார். பெருமாள் இருந்தான். பானை இருந்தது. பாப்பம்மாவும் பூசணிக்காயும் இருந்தார்கள். வெங்கடம்மா இல்லை.

அறுபத்துமூவர் கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்கள், சென்னை ராஜதானி முழுவதும் ஒரு தெருவுக்குள் நுழைந்து மூச்சு விடுவதாக நினைத்துக்கொள்ளலாம். பெருமாளுக்கு முகம் வெளுத்தது. அவனுக்கு ஒரே அக்காள். மேஸ்திரி பழக்கத்தில் புத்தகத்தைப் பிரித்தார். மவுண்ட் ரோடு இருந்தது, கோட்டை இருந்தது, கலங்கரை விளக்கம் இருந்தது. வெங்கடம்மா எந்தக் கோட்டில் நிற்கிறாள் என்று மட்டும் போடவில்லை.

அவர் கோயில் வாசலைப் பார்க்கக்கூட இல்லை. புத்தகத்தைப் பாப்பம்மாவின் பூசணிக்காய் மேல் வைத்துவிட்டு, பூக்கடைக்காரியிடம் ஓடினார்.

"தாயி, ஒரு பொம்பள இந்தப் பக்கமா போனாளா? எந்தப் பக்கம் போனா, சொல்லு தாயி."

"இன்னா கலர் பொடவ?"

மேஸ்திரி வாயைத் திறந்தார். சிந்தாதிரிப்பேட்டையின் அத்தனை சந்தும் ஞாபகத்துக்கு வந்தன. புடவையின் நிறம் வரவில்லை. பக்கத்தில் இருந்த தேங்காய்க்காரனைக் கேட்டார். போலீஸ்காரரைக் கேட்டார். தோளில் குழந்தையோடு போன ஒருவரைக் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார். அரைமணி நேரத்தில் அவர் கேட்காதவர்கள் அறுபத்துமூன்று நாயன்மார்கள் மட்டும்தான், அவர்கள் பல்லக்கில் உயரத்தில் இருந்ததால் தப்பினார்கள். கடைசியில் சுற்றி மறுபடி பூக்கடைக்காரியிடமே வந்து நின்றார்.

"எப்டி இருப்பான்னாவது சொல்லுய்யா" என்றாள் அவள்.

"பேசிக்கினே இருப்பா தாயி. நிறுத்தவே மாட்டா."

"அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? மோர்ப் பந்தல்ல போய்ப் பாரு."

மோர்ப் பந்தலில் வெங்கடம்மா உட்கார்ந்திருந்தாள். தாகத்துக்கு ஒரு குவளை வாங்கப் போனவள், எழுநூறு அடிக் கதையை ஆரம்பித்திருந்தாள். மோர் ஊற்றுகிறவர்கள் ஊற்றுவதை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி ஓடிவந்து அவள் முன்னால் நின்றார். பின்னாலேயே வந்த பெருமாள் அக்காளைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, நாதஸ்வரச் சத்தத்தில் தனக்கு ஒன்றும் காதில் விழவில்லை, மாமா யாரையும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை என்றான்.

"கேட்டாரு" என்றாள் வெங்கடம்மா. "எந்தப் பக்கம் போனான்னு கேட்டாரு. அது வழி கேட்டதுதான். எனக்கு இங்கேர்ந்தே கேட்ச்சு."

"அக்கா, வுட்டுடேன்."

"இன்னாத்துக்கு வுடணும்? கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த மீசைக்குக் கீழ இன்னா கீதுன்னு பாக்கணும்னு எனக்கு ஆச."

குளக்கரை மரத்தடியில் நாவிதர் ஒருவர் இருந்தார். மேஸ்திரி ஒரு வார்த்தை மறுக்காமல் போய் அவர் முன்னால் உட்கார்ந்தார். கத்தி இரண்டு தடவை மழுங்கி மூன்று தடவை தீட்ட வேண்டியிருந்தது என்றும், விழுந்த முடியில் ஒரு தலையணை தைத்திருக்கலாம் என்றும் சொல்வார்கள். முடிந்ததும் வெங்கடம்மா முகவாயைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்தாள். தன் குவளையில் மிச்சமிருந்த மோரை நீட்டினாள். இடையில் மீசை இல்லாததால் முதல்முறையாக அது முழுவதும் அவர் வாய்க்குள்ளேயே போயிற்று.

அதன்பிறகு பாப்பம்மாவின் சித்தி வீட்டில் தங்கியிருந்த இரண்டு நாளும் மேஸ்திரியைப் பிடிக்க முடியவில்லை. இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்றானதும் மனுஷன் கேட்கத் தொடங்கிவிட்டார். இந்தச் சந்து எங்கே போகும், டிராமைத் தள்ளுவது யார், சாந்தோமில் மீன் எப்போது வரும், கலங்கரை விளக்கத்தை யார் ஏற்றுவார்கள். தெரிந்த தெருவையும் கேட்டார், நின்றுகொண்டிருந்த தெருவையே கேட்டார். ஒவ்வொருவரும் நின்று பதில் சொன்னார்கள், இரண்டு பேர் கூடவே நடந்தார்கள், ஒரு மீன்காரி வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டாள். மேப்பில் இந்த ஜனங்கள் ஒருவரையும் போடவில்லையே என்று அவர் பெருமாளிடம் ஆச்சரியப்பட்டார். சென்ட்ரலில் ரயிலுக்குள் ஏறி உட்கார்ந்த பிறகும் எதிர்ச்சீட்டுக்காரரிடம் இந்த வண்டி எங்கே போகிறது என்று கேட்டு, வெங்கடம்மாவிடம் இடுப்பில் ஓர் இடி வாங்கினார்.

மாரிக்குப்பத்தில் இறங்கியபோதுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. நம் ஜனங்களில் வீட்டில் பெரிய சாவு விழுந்தாலொழிய யாரும் மீசையை எடுப்பதில்லை. ஸ்டேஷனில் அவரைக் கண்ட முதல் ஆள் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். இவர்கள் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் லைனுக்கு நடந்து வருவதற்குள் செய்தி முன்னால் ஓடிவிட்டது. வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். யார் போனது என்று தெரியாவிட்டாலும், வந்ததற்கு வீணாக வேண்டாமென்று இரண்டு பேர் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தும் விட்டார்கள். ஷிஃப்ட் ஆட்கள் தலையைக் குனிந்து ஓரமாக நின்றார்கள். சம்பங்கி மேஸ்திரி நடுவில் நின்று வெறும் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சிரிப்பு வந்துவிடுமென்று மூடிக்கொண்டான்.

வெங்கடம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மூட்டையை இறக்கி வைத்தாள்.

"யாரும் சாவலடி. கூட்டத்துல நான் காணாப் போய்ட்டேன். அவரு தேடினாரு. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பற்ற வைக்க உள்ளே போனாள்.