முனகாத தரை

அந்த இரண்டு பேரும் நிழலில் நின்றிருந்தால் வெர்லீன் கூப்பிட்டிருக்கவே மாட்டாள். மேக்கன் ஊரின் ஜூலை மாதத்து வெயிலில், தெரு நடுவில், கன்னம் இரண்டும் தக்காளியாகச் சிவந்துபோய் நின்றார்கள். பக்கத்து வீடு காலியாகி, வாசலில் விற்பனைப் பலகை நட்டு வெகு நாளாயிற்று. அதைப் பார்க்க வந்த வெளியூர்ப் பிள்ளைகள் என்று வெர்லீன் நினைத்துக்கொண்டாள். யார் எவர் என்று கேட்கவில்லை. தாகத்தோடு நிற்பவரிடம் முதலில் பேர் கேட்பது அந்தப் பக்கத்து மனுஷர்களுக்கு வராது.

"ஏன் தங்கங்களா, அங்கயே நின்னு வேகுறீங்க? மேல வாங்க, மேல வாங்க."

முன் வராந்தாவில் ஊஞ்சல் பலகையைத் துடைத்துவிட்டாள். ஐஸ் போட்ட தேநீர் வந்தது, கரண்டி நிற்கிற அளவு சர்க்கரையோடு. பின்னாலேயே வெண்ணெய்க் கேக்கும் வந்தது.

"சாப்பிட்டுடுங்க," என்றார் உள்ளேயிருந்து சுவரைத் தடவியபடி வந்த அவள் கணவர் எல்லிஸ். "இல்லாட்டி விடமாட்டா. தெருநாய் வந்தாலும் தட்டுல வச்சுத்தான் குடுப்பா என் பொண்டாட்டி."

"இந்தக் கிழவருக்கு இத்தனை வருஷமா அப்படித்தானே சோறு போடறேன்," என்றாள் வெர்லீன். எல்லாரும் சிரித்தார்கள்.

சர்க்கரை வியாதியில் எல்லிஸுக்குக் கண் போய்விட்டது. முதல் வருஷம் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. அப்புறம் அந்த வீடே மெல்ல மெல்ல அவரைக் கைபிடித்து நடத்தியது. அடுப்புக்கு முன்னால் ஒரு பலகை முனகும். அது முனகினால் கையை நீட்டலாம், காப்பிப் பாத்திரம் இருக்கும். குளியலறைக்குத் திரும்பும் இடத்தில் தரை கொஞ்சம் சரியும். வாசல் கதவிடுக்கில் எப்போதும் ஒரு காற்று. காலையில் வெர்லீன் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குக் கிளம்பும் முன்னால் அவரே காப்பி போட்டு அவளுக்குக் கொடுப்பார். இன்னொரு வீட்டுக்குப் போனால் மறுபடியும் கண்ணைப் பிடுங்கினது மாதிரிதான் என்று அவளுக்குத் தெரியும்.

வந்த பெண்ணின் பெயர் டெஸ். ஒல்லியான புருஷன் கிரஹாம். சியாட்டிலிலிருந்து வருகிறார்களாம்.

"இந்த ஊர் எப்படிங்க?" என்று கேட்டாள் டெஸ்.

ஊரைப் பற்றிக் கேட்டால் வெர்லீனுக்கு வாய் நிற்காது. "தெற்குப் பக்கத்துலயே குறைஞ்ச செலவுல வாழணும்னா இங்கதான்னு டீவியிலயே சொன்னான் கண்ணு. எங்க வாடகையைக் கேட்டா மயங்கிடுவே," என்றாள்.

கிரஹாமுக்கு நிஜமாகவே மயக்கம் வரும்போல இருந்தது. "அங்க எங்க காரை நிறுத்தவே அவ்வளவு குடுக்கறோம்."

"பாத்தியா! இந்த வரிசையில எல்லாம் ஒரே கொத்தன் கட்டின வீடுங்க. தகரக்கூரை ஒரு சொட்டு ஒழுகாது. புயலுக்கும் அசையாது. பின்னால பீக்கன் மரம், அள்ள அள்ளக் காய். வாசல்ல சைக்கிளைப் போட்டுட்டுத் தூங்கலாம். சும்மா வாங்கிப் போடுங்க, யோசிக்காதீங்க. நான் இருக்கேன் பாத்துக்க."

அடுக்களைவரை அழைத்துப்போய்க் காட்டினாள். பக்கத்து வீடும் இதே அச்சுத்தான் என்பது அவள் எண்ணம். கிளம்பும்போது மிச்சக் கேக்கையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் போயிருக்கும். மறுபடி வந்தார்கள், கையில் ஒரு பூந்தொட்டியோடு. டெஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டாச்சுங்க! ரெண்டு மனசாத்தான் இருந்தோம். அன்னிக்கு நீங்க அவ்வளவு சொன்னதும்தான் முடிவு பண்ணினோம். நீங்க இருந்த வீட்டையே இப்படி மனசாரப் புகழ்ந்து இன்னொருத்தருக்குக் குடுக்க யாருக்கு வரும்? அந்த முனகுற தரையை மட்டும் மாத்திடுவோம்."

வெர்லீன் சிரித்தபடியே இருந்தாள். சிரிப்பை எடுக்க மறந்துபோனாள். "எந்த வீடு, கண்ணு?"

டெஸ் புருஷனைப் பார்த்தாள். கிரஹாம் பூந்தொட்டியைக் கீழே வைத்தான். "ஓனர் பையன் உங்ககிட்ட சொல்லிட்டதாச் சொன்னாரே. நீங்களே காலி பண்றீங்கன்னு..."

வீட்டுக்காரப் பெரியவர் குளிர்காலத்தில் இறந்திருந்தார். அவருக்கும் வெர்லீனுக்கும் காகிதம் எதுவும் கிடையாது. மாதமானால் வருவார், வாடகையும் ஒரு துண்டு கேக்கும் வாங்கிக்கொண்டு, நல்லா இரும்மா என்று போவார். அட்லாண்டாவில் இருந்தபடியே இந்த வீட்டை விற்ற மகனுக்கு அந்தக் கேக்கின் ருசி தெரியாது.

டெஸ் அழுதுவிட்டாள். இருந்த பழைய வீட்டை விட்டுவிட்டார்களாம், வயிற்றில் பிள்ளையாம். அவளுக்கும் வெர்லீன்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "உன் தப்பு இல்லம்மா. அழாதே, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது."

எல்லிஸ் கதவோரம் நின்று எல்லாம் கேட்டார். அவர்கள் போனபின் ஒன்றே ஒன்று சொன்னார்: "நல்ல கேக்குதான் வெர்லீன் அன்னிக்கு."

அப்புறம் வீடு தேடினாள். ஊர் மலிவுதான், எங்கிருந்து வந்து பார்க்கிறோம் என்பதில் இருந்தது அந்த மலிவு. பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளத்தோடு உள்ளூரிலிருந்தே பார்த்தவளுக்கு அது கைக்கு எட்டவில்லை. கடைசியில் நெடுஞ்சாலைக்கு அப்பால், மாடியில், ஓர் அறையும் அடுக்களையுமாகக் கிடைத்தது. பழைய துடைப்பத்தைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பார்கள் அங்கே. அதைக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்துவிட்டு வந்தாள்.

புது இடத்தில் சுவருக்குச் சுவர் கம்பளம் ஒட்டியிருந்தது. முதல் வாரம் எல்லிஸ் காலால் தடவித் தடவிப் பார்த்தார். அலமாரியில் முட்டிக்கொண்டார். ஒரு காலையில் வெந்நீரைக் கையில் கொட்டிக்கொண்டார்.

"இந்தத் தரை பேசவே மாட்டேங்குது வெர்லீன்."

அதற்கப்புறம் காப்பி போட அவர் எழுந்திருக்கவில்லை. அவள் உட்கார்த்திவைத்த நாற்காலியில், அவள் வேலை முடிந்து வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்.

ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஒரு நடுவயதுப் பெண், வியர்த்து விறுவிறுத்து.

"மன்னிச்சுக்கங்க. எதிர் ரூம் காலியா இருக்குன்னாங்க, பார்க்க வந்தேன். இந்த இடம் எப்படிங்க இருக்கு?"

வெர்லீனின் பின்னால் மேஜைமேல் தேநீர்க் குடுவை இருந்தது. ஐஸ் இன்னும் கரையவில்லை. அவள் கை கதவு நிலையைப் பிடித்தது.

"மோசம்," என்றாள். "ரொம்ப மோசம். வராதீங்க."

கதவைச் சாத்தினாள். படியிறங்கும் சத்தம் தேய்ந்து போனது.

"யாரு?" என்றார் எல்லிஸ் நாற்காலியிலிருந்து.

"யாருமில்ல."

அவர் முகத்தை வாசல் பக்கம் திருப்பினார்.

"குடிக்க ஏதாச்சும் குடுத்தியா?" என்றார்.