எட்டுப் பவுன்

அந்தக் காகிதத்தை முதலாளி வைகுண்டராஜ் மூன்றாம் தடவையாகக் கையில் எடுத்தபோது, இனி படிக்கமாட்டார், மடிக்கத்தான் போகிறார் என்று பரிபூரணத்துக்குத் தெரிந்துவிட்டது. பிடித்த காகிதம் என்றால் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பார். பிடிக்காததை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சட்டையோடு சேர்ந்து துவைபட்டு அதன் ஆயுசு முடியும். மூன்று வருடமாக அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

இங்கிலாந்திலிருந்து வந்த ஆர்டர் அது. ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற துணி செய்கிற கம்பெனிகள் பல இருந்தாலும், வைகுண்டராஜின் கம்பெனி கடல் தாண்டியதில்லை. பம்பாய் வரைதான். அந்தப் பம்பாய் பார்ட்டியும் இரண்டு வருடத்துக்கு முன்னால், துணியில் ஈரம் அதிகம் என்று ஒரு லாரி சரக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டான். அன்றிலிருந்து மடிப்புக் கொட்டகையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, எட்டு மடிப்பாக மடித்து, நூறு நூறாகக் கட்டுகிற நாற்பத்திரண்டு பெண்கள் மீதி நாட்களில் வீட்டில் இருந்தார்கள். இந்த மாதத்துக்குள் ஆர்டர் வராவிட்டால் கொட்டகையை மூடிவிட்டுத் துணியை உருளையாகவே விற்றுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். பரிபூரணமும் ஆறு வருடம் அந்தக் கொட்டகையில் மடித்தவள்தான். மடித்துக்கொண்டே டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணி ஆபீசுக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஒன்பது மாதமாகக் கடிதம் எழுதி எழுதி அந்த வெள்ளைக்காரக் கம்பெனியைப் பிடித்தது அவள். அதனால் கொட்டகை மூடினால் அது தன் தலையில்தான் விடியும் என்று அவளாகவே முடிவு கட்டி வைத்திருந்தாள்.

ஆர்டர் தபாலில் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தொண்ணூற்றெட்டில் நாகரிகம் முற்றிவிட்டதல்லவா, மின்னஞ்சலில் பி.டி.எஃப். கோப்பாக வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் இரண்டு வருடத்துக்கு முன் மதுரையிலிருந்து வந்தது. முதலாளி வீட்டம்மா அதன் நெற்றியில் வைத்த சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தூசி படாமல் இருக்க கம்பெனியின் சொந்தத் தயாரிப்பான காயக்கட்டுத் துணியையே போர்த்தியிருந்ததால், பார்க்கிறவர்களுக்கு அடிபட்டுப் படுத்திருக்கிற ஆள் மாதிரித்தான் தோன்றும். இன்டர்நெட் இணைப்பு கிடைப்பதற்குள் கூமாப்பட்டிக்கு ஒரு நடை போய்த் திரும்பிவிடலாம். கோப்பைத் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்து, இதில் எனக்குப் புரியாத சங்கதி சில இருக்கிறது, இனிமேல் இப்படி எச்சரிக்க வேண்டாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஆர்டர் வந்த சந்தோஷத்தில் பரிபூரணம் வேண்டாம் என்று அழுத்திவிட்டாள். பெட்டியும் வாயை மூடிக்கொண்டது.

இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் எத்தனை லட்சம் பீஸ், என்ன விலை. விலைக்கு முன்னால் பவுன் குறி, £ என்று கொக்கி போட்டு வயிற்றில் கோடு இழுத்த அந்த எழுத்து. இரண்டாம் பக்கத்தில் துணியின் தரத்துக்கு ஓர் அட்டவணை. வினை அங்கேதான் இருந்தது. ஈரம் என்ற வரியில் £ 8 சதவீதம். தண்ணீரில் மூழ்கும் நேரம் £ 10 விநாடி. எரித்த சாம்பல் £ 0.4. இப்படி வரிக்கு வரி பவுன். இழை எண்ணிக்கை, துணியின் எடை என்ற இரண்டு வரிகளில் மட்டும் பவுன் இல்லாமல், எண்ணுக்கு முன்னால் தலைக்கு மேலே ஒட்டிக்கொண்ட மாதிரி குட்டியாக ஒரு ³.

கணக்கர் காசிராஜன் கேட்காமலே அர்த்தம் சொல்லுகிறவர். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் தண்டம் என்றார். ஈரம் கண்டால் எட்டுப் பவுன், மூழ்கத் தாமதித்தால் பத்துப் பவுன். குட்டி மூன்று என்பது மூன்றாம் அடிக்குறிப்பு, அடிக்குறிப்பு காகிதத்திலேயே இல்லை, ஆகையால் மறைத்திருக்கிறான்.

"பீஸுக்கா கட்டுக்கான்னு போடல பாத்தீகளா, மொதலாளி. அங்கனதான் வச்சிருக்கான்."

 எட்டு சதவீதப் பவுன், பத்து விநாடிப் பவுன் என்று உலகத்தில் உண்டா என்று பரிபூரணத்துக்கும் சந்தேகம்தான். ஆனால் பம்பாய்க்காரனிடம் பட்டவர் முதலாளி. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. பயம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்கும் வந்துவிடும்.

"ஒத்தும்மா. மனக்கு ஒத்து," என்றார். நமக்கு வேண்டாம். காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் ஃபாக்ஸ் அனுப்ப வேண்டும் என்று கெடு. அன்றைக்கு வியாழன்.

ஒரு நாள் பொறுங்கள் என்று அவள் கெஞ்சிக் கேட்டாள். முந்தின நாளே இந்தக் குறி என்ன என்று அவர்களுக்கு எழுதிக் கேட்டிருந்தாள். அதற்கு வந்த பதில்தான் அவளை இன்னும் நோகடித்தது. எங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகவே இருக்கிறது, தயவுசெய்து இரண்டாம் பக்கம் பார்க்கவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தைத்தானே ராத்திரியும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலாளி காகிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நான்காக மடிக்கவில்லை. அதுவரைக்கும் லாபம்.

ஆபீசில் தும்மினால் கொட்டகையில் சளி பிடிக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அங்கே போனபோது செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து, மடிப்பு மேஜைக்கு மேஜை வளர்ந்திருந்தது. சீமைக்காரன் நகை கேட்கிறானாம். மாடத்தி தூக்குச்சட்டியைத் திறந்தபடி சாப்பிடாமல் இருந்தாள். ஆறு வருடம் பரிபூரணத்தின் பக்கத்து இடத்தில் மடித்தவள். போன தையில்தான் மகளுக்குக் கல்யாணம் முடித்து, அதில் பேசின பவுனில் பாக்கி வைத்து, அந்தப் பேச்சு இன்னும் ஓயாமல் இருந்தது.

"ஏட்டி பூரணம், பொண்ணக் குடுத்தா பவுன் போடணும், சரி. துணியக் குடுத்தாலுமா போடணும்?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மாடத்தி சிரிக்கவில்லை. கொட்டகைய மூடிருவாகளா என்று மெதுவாகக் கேட்டாள். சாயந்திரம் பரிபூரணம் கோப்பை ஃப்ளாப்பியில் ஏற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அந்தப் பெட்டியின் ஞாபகம். புரியாத சங்கதி இருக்கிறது என்று அது சொல்லத்தான் செய்தது. வாயை அடைத்தது நான்தானே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ஆனால் கோபுரம் தெரிந்ததும் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் உக்கிரபாண்டியின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். அவர் பட்டாளத்தில் சிக்னல்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் சென்டரையும் எல்லைக் காவல் மாதிரியே நடத்தினார். செருப்பு வெளியே, ஃப்ளாப்பி முதலில் வைரஸ் சோதனைக்கு, அப்புறம்தான் என்ன சமாச்சாரம் என்ற கேள்வி. பத்திரிகையோடு இனாமாக வந்த சி.டி.யிலிருந்து பி.டி.எஃப். படிக்கிற புது மென்பொருளைப் போட்டிருந்தார். புதுசு என்றால் பேசும் என்று நம்பி இரண்டாம் பக்கத்தைத் திறந்தார்கள்.

பவுன் குறியைக் காணோம். ஈரம் என்ற வரியில், எட்டுக்கு முன்னால், ஒரு வெறும் கட்டம். பத்துக்கு முன்னால் கட்டம். குட்டி மூன்று இருந்த இடத்திலும் கட்டம். உக்கிரபாண்டி உதட்டைப் பிதுக்கினார். உன் மிஷினைவிட என் மிஷின் மோசம் தங்கச்சி என்று ஒப்புக்கொண்டார். பரிபூரணம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவசரமாக, மொதப் பக்கத்துக்குப் போங்க அண்ணாச்சி என்றாள்.

முதல் பக்கத்தில் விலைக்கு முன்னால் பவுன் குறி கொக்கியும் கோடுமாக அப்படியே உட்கார்ந்திருந்தது.

அவர் மறுபடி இரண்டாம் பக்கத்துக்குப் போனார். கட்டம். முதல் பக்கம், பவுன். மூன்று தடவை போய் வந்தார்கள். இரண்டும் ஒரே எழுத்து என்றால் இரண்டும் அல்லவா கட்டமாக வேண்டும்? அது பவுனே இல்லை. வேறு ஏதோ ஒன்று பவுன் வேஷம் போட்டுக்கொண்டு ராஜபாளையத்தில் இறங்கியிருக்கிறது. உக்கிரபாண்டிக்கு இப்போது விளங்கிவிட்டது. இந்த மாதிரிக் குறிகளுக்கு அவர்களிடம் தனியாக ஒரு ஃபாண்ட் இருக்கும், அதைக் கோப்போடு சேர்த்துக் கட்டாமல் விட்டிருப்பார்கள், கைக்கு வந்த வேறு எழுத்தை உன் மிஷின் போட்டுவிட்டது, என் மிஷின் போடத் தெரியாமல் கட்டம் கட்டிவிட்டது என்று விளக்கினார்.

"கடுதாசிய அனுப்பிட்டு எழுத்த வீட்லயே வச்சிட்டான், தங்கச்சி."

அப்படியானால் அது என்ன குறி? அது அவரிடமும் இல்லை. பரிபூரணம் அவரிடம் ஒரு தாள் வாங்கி, பவுன் வந்த வரிகளை ஒரு பக்கமும் குட்டி மூன்று வந்த வரிகளை மறுபக்கமுமாக எழுதினாள். ஈரம், மூழ்கும் நேரம், சாம்பல். இந்தப் பக்கம் இழை, எடை. மூழ்கும் நேரம் பத்து விநாடி என்று எழுதும்போது அவள் கை நின்றது. கொட்டகையில் தினமும் காலையில் ஒரு பேசினில் தண்ணீர் வைப்பார்கள். முந்தின நாள் மடித்ததில் ஒன்றை எடுத்துப் போட்டு, எல்லோரும் சத்தமாக எண்ணுவார்கள். பத்துக்குள் முழுக வேண்டும். பத்தைத் தாண்டி மிதக்கிற துணி ரத்தத்தை உறிஞ்சாது, அது தள்ளுபடி. ஆறு வருடம் எண்ணியவள் அவள். பத்து அல்ல, பத்துக்குள்.

பத்துக்குள், எட்டுக்குள். சாம்பலும் அந்த அளவுக்குள். பவுன் நின்ற இடமெல்லாம் மிஞ்சக்கூடாத சங்கதி. குட்டி மூன்று நின்ற இடமெல்லாம் குறையக்கூடாத சங்கதி. இழை குறைந்தால் சல்லடை, எடை குறைந்தால் ஏமாற்று. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பார்த்த, வாய் பிளந்த அம்புக்கு அடியில் கோடு போட்ட அந்த ≤, ≥ குறிகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. நாலு நாளாக ஒரு கணக்குக் குறிக்கு நகை போட முடியாமல் ஊரே தவித்திருக்கிறது. உக்கிரபாண்டி ஃப்ளாப்பி பார்த்ததற்குக் காசு வேண்டாம் என்று சொல்லி, முகத்தைக் கழுவிக்கொண்டு போ தங்கச்சி, வீட்ல பயந்துருவாக என்றார்.

மறுநாள் காலையில் அவள் குறி எதுவும் இல்லாமல், ஒவ்வொரு வரியையும் வார்த்தையிலேயே எழுதினாள். ஈரம் எட்டு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, இழை நூற்றெழுபதுக்குக் குறையக்கூடாது, இதுதானே நீங்கள் சொல்வது என்று கேட்டு அனுப்பினாள். அங்கே விடிவதற்கு இங்கே மதியமாக வேண்டும். முதலாளி சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை. காசிராஜன் ஒரே பேரேட்டுப் பக்கத்தை இரண்டு மணி நேரமாகப் புரட்டாமல் வைத்திருந்தார். மூன்று மணிக்குமேல் இணைப்பு கிடைத்து, ஒரு கடிதம் வந்து விழுந்தது. ஆமாம், வேறென்ன என்று ஒரு வரி. கூடவே, குறி சரியாக வராததற்கு வருந்துகிறோம், ஃபாக்ஸிலும் அனுப்புகிறோம் என்று இன்னொரு வரி.

முதலாளி எழுந்து வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையிலேயே படித்தார். தண்டம் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். நம் துணியில் ஈரம் எவ்வளவு என்று கேட்டார், தெரியாதவர் மாதிரி. ஆறரையைத் தாண்டினதில்லை மொதலாளி என்றாள். பம்பாய்ச் சரக்கு மழையில் நனைந்த சரக்கு என்பது இருவருக்கும் தெரியும். அவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். மடிப்பைப் பிரித்து உள்ளங்கையால் நீவி நீவி, கையெழுத்துப் போட்டு, ஃபாக்ஸ் போனதும் மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அடியில் வைத்தார். குட்டி மூன்றைப் பார்த்தபோதே எனக்கு ஒரு சந்தேகம் என்று காசிராஜன் தொடங்கினார். அதைக் கேட்க ஆள் இல்லை, முதலாளியும் அவளும் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வைகுண்டராஜ் கொட்டகைக்குள் வருகிறவர் அல்ல. அவரைக் கண்டதும் நாற்பத்திரண்டு பேரின் கைகளும் நின்றன. மூடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மாடத்தி எழுந்து நின்றாள். பரிபூரணத்தைப் பார்த்தாள்.

"எம்புட்டுப் பவுனுட்டி?"

"ஒண்ணும் இல்லக்கா. எட்டுக்குள்ள இருந்தாப் போதுமாம்."

மாடத்திக்குப் புரியச் செத்த நேரம் ஆயிற்று. புரிந்ததும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வயித்துல பால வாத்தட்டி என்றாள். பின்மேஜைகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, யாரோ ஒருத்தி வாய்விட்டு அழுதாள். முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் இருந்த பேசினைக் கண்டதும், ஒண்ணு போடு பாப்பம் என்றார். மாடத்தி தன் முன்னால் இருந்த கட்டிலிருந்து ஒரு மடிப்பை உருவி எடுத்துப் போய், தண்ணீரின் மேல் மெல்ல வைத்தாள்.

ஒன்று என்று நாற்பத்திரண்டு குரலும் ஒன்றாகச் சொல்லின. ரெண்டு. துணியின் ஓரங்கள் கருத்தன. மூணு. அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலு என்று வாயெடுப்பதற்குள் முழுகி, பேசினின் அடியில் போய் விரிந்து கிடந்தது. அதோடு நிறுத்துவதுதான் வழக்கம். யாரும் நிறுத்தவில்லை. அஞ்சு என்றார்கள், ஆறு என்றார்கள். ஏழிலிருந்து முதலாளியும் சேர்ந்துகொண்டார், எட்டு என்பதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். துணி அடியில் அசையாமல் கிடக்க, அவர்கள் பத்து வரைக்கும் எண்ணிக்கொண்டே போனார்கள்.