எட்டரை மணி நிழல்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் குடியிருந்த, வீடுவீடாகப் போய்த் தையல் மிஷின் விற்கிற கான்வாசர் ஷரஃபுதீனின் நிழல், அன்றைய முதல் வியாபாரம், அதாவது போணி, ஆகிற வரைக்கும் காலை எட்டரை மணியைத் தாண்டாது. ஊருக்கெல்லாம் உச்சிப்பொழுதாகி அவரவர் நிழல் அவரவர் செருப்புக்கடியில் ஒதுங்கிக்கொண்ட பிறகும், அவர் நிழல் மட்டும் மேற்கே பார்த்து எட்டடி நீளத்துக்குக் கிடக்கும். 1943 முதல் 1946 வரை மூன்று வருஷம் இப்படி இருந்தது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. முதல் மாதம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் மாதம் பழகிவிட்டது. அதற்குப் பிறகு யாராவது வெளியூர்க்காரர் வாயைப் பிளந்தால், பாய்க்கு இன்னும் போணி ஆகவில்லை என்று சொல்லிவிட்டுத் தங்கள் ஜோலியைப் பார்க்கப் போனார்கள்.

இது வந்த விதம் சிக்கலானது அல்ல. மவுண்ட் ரோடில் ஒரு மாடியில் இருந்த அவருடைய கம்பெனியில் பதினொரு கான்வாசர்கள் இருந்தார்கள். மானேஜர் ராஜகோபாலன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கல்கத்தா தலைமை ஆபீசிலிருந்து வாராவாரம் வருகிற கடிதத்தைப் படித்து முடித்ததும் அவருக்குப் பயம் பிடிக்கும், அதை அவர் கான்வாசர்கள்மேல் இறக்கிவிடுவார், அவ்வளவுதான். சனிக்கிழமை மீட்டிங்கில் அந்த வார விற்பனைக் கணக்கை எட்டியவர்களுக்கு நாற்காலி உண்டு, எட்டாதவர்கள் சுவரோரம் நிற்க வேண்டும். நாற்பத்து மூன்று வயதில், கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் தன் பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது ராஜகோபாலனுக்கு மந்திரம். அம்மியின் பாடு என்ன என்று அவர் யோசித்ததில்லை. 1943-இல் ஒரு சனிக்கிழமை, பதினொரு பேரில் எட்டுப் பேர் சுவரோரம் நின்றபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னிலேர்ந்து போணி ஆகாம ஒருத்தருக்கும் பொழுது நகரப்படாது. மிஷின் மேல கையை வெச்சுச் சத்தியம் பண்ணுங்கோ" என்றார். பதினொரு பேரும் செய்தார்கள். பத்துப் பேர் மாடிப்படி இறங்குவதற்குள் அதை மறந்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஷரஃபுதீன் மட்டும் சொன்னால் சொன்னதுதான் என்கிற ரகம். விற்பனைக்காரனுக்கு ஆகவே ஆகாத குணம் அது. திங்கட்கிழமை காலையிலிருந்து அவர் நிழல் நின்றது.

நிழல் மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. போணி ஆகும்வரை அவர் கண்ணுக்கு எங்கும் காலை வெயில்தான். பிற்பகல் மூன்று மணிக்கும் தொண்டைக்குள் நாஷ்டாதான் இறங்கும், சோறு இறங்காது. அவர் வீட்டுக்காரி அஸ்மத்துன்னிசா வாசலில் முதலில் நிழலைத்தான் பார்ப்பாள். அது ஒழுங்காக விழுந்திருந்தால் சோறு போடுவாள், மேற்கே நீண்டு கிடந்தால் இன்னொரு தரம் ரொட்டி சுடுவாள். போணி ஆன கணத்தில், ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தத்தோடு நிழல் சரியான இடத்தில் போய் விழும். பசியும் கால்வலியும் ஒன்றாக வந்து சேரும். நல்ல வேளையாக, முழு மிஷின்தான் விற்க வேண்டும் என்றில்லை. ஒரு ஊசிப் பொட்டலமோ எண்ணெய்ப் புட்டியோ போனாலும் அது போணிதான். ஆகவே பெரும்பாலும் பதினொரு மணிக்குள் அவர் ஊரோடு சேர்ந்துகொள்வார். ஒரு தடவை அடையாற்றில் இரண்டு நாள் இழுத்தது, 1946 ஆடி வரைக்கும் அதுதான் அதிகம்.

அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சைக்கிள் காரியரிலிருந்து கைமிஷினை இறக்கி, ரேழியில் வைத்து, வீட்டில் கிழிந்து கிடக்கிற குழந்தைச் சட்டை ஏதாவது கொடுங்கள், சும்மா தைத்துக் காட்டுகிறேன் என்று கேட்க வேண்டும். பாதித் தையலில் சக்கரத்தை நிறுத்திவிட்டு, ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதே விலையைப் பேச ஆரம்பிக்க வேண்டும். துணியையும் பிடுங்க முடியாது, ஆளையும் அனுப்ப முடியாது. மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லாத வீட்டைவிட்டு இறங்கக் கூடாது என்பது விதி. நம் ஜனங்களுக்கு ஒரு தரம் சொல்லவே நாக்கு கூசும். அந்தக் கூச்சத்தில்தான் கம்பெனி நடந்தது.

1946 ஜூலையில் மகள் சகினாவுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை அக்பர் பாஷா அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம். ஏற்கெனவே ஒரு தரம் லீவு கிடைக்காமல் தள்ளிப்போன கல்யாணம். இந்த முறை வெள்ளிக்கிழமை அஸர், அதாவது பிற்பகல், தொழுகைக்குப் பின் என்று நாள் வைத்தார்கள். மறுநாள் மாப்பிள்ளை வேலைக்குத் திரும்ப வேண்டும், அடுத்த வாரம் ரமலான் பிறந்துவிடும். இதையும் விட்டால் இரண்டு தரம் தள்ளிப்போன சம்பந்தம் என்ற பேர் வந்துவிடும். அந்தப் பேர் வந்தால் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நிக்காஹுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆடி பிறக்கிற செவ்வாய்க்கிழமையன்று, ஷரஃபுதீனின் நிழல் எட்டரையில் நின்றது, நின்றதுதான். ஊசிகளை ஏற்றிக்கொண்டு வர வேண்டிய கப்பல் வரவில்லை, எண்ணெயும் தீர்ந்துபோயிற்று, பை காலி. முழு மிஷின் விற்றால்தான் உண்டு. ஆடியில், அதுவும் செவ்வாய்க்கிழமையில், யார் வீட்டில் புதுச் சாமான் வாங்குவார்கள்? போதாக்குறைக்குத் துணிக்கு ரேஷன். தைக்கத் துணி இல்லாத ஊரில் தையல் மிஷின் விற்பது, மொட்டைத் தலைக்குச் சீப்பு விற்பதைப் போன்றது.

ஊருக்குப் புதன் வந்தது, வியாழன் வந்தது, ஞாயிறும் வந்து போயிற்று. ஷரஃபுதீன் செவ்வாய்க்கிழமைக் காலையிலேயே இருந்தார். வீட்டில் விளக்கேற்றினாலும் அவருக்குப் பட்டப்பகல், ஆகையால் தூக்கம் இல்லை. உடம்பு களைக்கவில்லை, எட்டரை மணிக்கு இருக்கிற தெம்பு அப்படியே இருந்தது. ஆனால் விற்பனைக்காரனுக்கு எட்டரை மணி என்பது, இன்றைக்கு எத்தனை வீடு, எத்தனை வேண்டாம், சனிக்கிழமை நாற்காலியா சுவரா என்ற பயம் அடிவயிற்றில் வந்து உட்காருகிற நேரம். அந்த ஒரு நேரத்தையே நாள் கணக்கில் வாழ்வது நரகம். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் கீரை விற்கிற வேம்புவுக்கு மட்டும் இதில் லாபம் இருந்தது. அவர் நிழலில் காலை நேரத்துக் குளிர்ச்சி அப்படியே இருந்ததால், அவர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், "பாய், இப்டி கொஞ்சம் நில்லு, கீரை வாடிக்கினு கீது" என்பாள். அவரும் வேறு போக்கிடம் இல்லாமல் மணிக்கணக்கில் நிற்பார்.

அடுத்த புதன்கிழமை, நிக்காஹ் நடத்திவைக்க வேண்டிய காஜி மெஹபூப் அலி வீட்டுக்கு வந்து நிழலைப் பார்த்தார். தொழுகை நேரத்தையே நிழலை வைத்துக் கணக்கிடுகிறவர் அவர். "உங்க நிழல் செவ்வாய்க்கிழமைல இருக்கு பாய். வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு உங்க கையெழுத்தை நான் எப்படி வாங்குறது?" என்று வருத்தத்தோடு கேட்டார். தகப்பனுக்குப் பதிலாகப் பெண்ணின் தாய்மாமன் வக்கீலாக, அதாவது அவள் சார்பில் பேசுகிறவராக, நிற்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு என்றும் சொன்னார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. உள்ளேயிருந்து சகினா குரல் கொடுத்தாள். "அப்பா வெள்ளிக்கிழமைக்கு வரட்டும். வரலேன்னா நான் சம்மதம் சொல்ல மாட்டேன்." மெதுவாகத்தான் சொன்னாள். தகப்பனைக் கொண்ட பெண், அவளும் சொன்னால் சொன்னதுதான்.

வியாழக்கிழமை ஷரஃபுதீன் வடக்கு மாட வீதியில் ஒரு வீட்டில் மிஷினை இறக்கினார். வீட்டு அம்மாள் சூடாமணி, அவள் புருஷன் கல்யாணராமன் ஏதோ ஆபீசில் குமாஸ்தா. சின்னப் பெண்ணின் பாவாடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாதித் தையலில் அவர் சக்கரத்தை நிறுத்தினார், ஊசி துணிக்குள் இருந்தது, பேச்சு தானாக ஓடியது. ஒரு தரம் வேண்டாம் என்றாள், இரண்டாம் தரம் குரல் இறங்கியது. மூன்றாம் தரம் வரவே இல்லை. "இவர் வந்தா கோச்சுப்பார்... நீங்க இவ்ளோ தூரம் சொல்றேள்..." என்று பேனாவுக்குக் கையை நீட்டினாள். நீட்டியபடியே தலையைக் குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமைகளில் சுவரோரம் தானும் அப்படித்தான் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஷரஃபுதீனுக்கு ஞாபகம் வந்தது. ஆர்டர் பாரத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், அவர் வெள்ளிக்கிழமைக்கு வந்துவிடலாம். அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். மீதித் தையலைத் தைத்து முடித்து, நூலைக் கத்தரித்து, பாவாடையை மடித்துக் கொடுத்தார். "இப்ப வேணாம்மா. சார்கிட்ட கேட்டுக்கினு, துணி தாராளமா கிடைக்கிற காலத்துல வாங்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். தெரு முனை வரை போய், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதார். கெட்டுப்போனது தன் பெண்ணின் கல்யாணம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை வீட்டு வாசலில் பந்தல் போட ஆள் வந்தபோது அவரால் அங்கே நிற்க முடியவில்லை. கால் மாம்பலத்துக்குப் போயிற்று. வேம்பு கீரைக் கூடையை நிழலுக்குள் இழுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா பாய், மூஞ்சி செத்துப் போயிக்கீது?"

"போணி ஆவல."

"எத்தினி நாளாச்சு?"

"எனக்கு இன்னிக்குச் செவ்வாய்தான்."

"ஊருக்கு வெள்ளி நைனா. உம்பொண்ணுக்கு இன்னிக்குக் கண்ணாலம்னு சொன்ன?"

வேம்பு கொஞ்ச நேரம் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு காலணாவை எடுத்து நீட்டினாள்.

"பத்து நாளா உன் நெழல்ல குந்திக்கினு வியாபாரம் பண்றேன். ஓசி நெழலு வெளங்காது. இந்தா, நெழலுக்குக் காசு."

"நெழலை எப்டிம்மா விக்கிறது? அது கம்பெனி சரக்கு இல்லயே."

"கம்பேனியா பெத்துது உன்ன? உங்கூடப் பொறந்தது, நீ விக்கிற, நான் வாங்கறேன். ஒண்ணும் கட்டாயம் இல்ல, வேணும்னு கேட்டு வாங்கறேன். புடி."

மூன்று வருஷத்தில் வேணும் என்று ஒருவர் தானாகக் கேட்டு அவரிடம் வாங்கியது அதுதான் முதல் தடவை. அவர் காலணாவை வாங்கினார். போணிக் காசை எல்லோரும் செய்வதுபோல இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். ஈரத்துணி அறைகிற சத்தம் கேட்டது. எட்டடி நிழல் சுருங்கிக் காலடிக்குள் வந்தது, கிழக்கே நீண்டது, மறைந்தது, மறுபடி மேற்கே முளைத்தது. இப்படிப் பத்து நாளும் அவரைச் சுற்றி வந்தன. பத்து இருட்டு அவர் கண்ணைக் குளிரக் குளிரத் தடவிக்கொண்டு போயிற்று. பத்து நாள் தாடி முளைத்தது. கடைசியில் அன்றைய வெள்ளிக்கிழமைப் பதினொரு மணி வந்து நின்றபோது நிழல் குட்டையாகிவிட்டிருந்தது, வேம்புவின் கீரைமேல் வெயில் விழுந்தது. அவள் ஒரு கோணிச் சாக்கை நனைத்து மூடிவிட்டு, "போ, போ, நேரமாவுது" என்றாள். ஷரஃபுதீனின் அடிவயிற்றில் மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்த பயம் எழுந்து போய்விட்டிருந்தது. அது இருந்த இடத்தில் பசி மட்டும் இருந்தது, நல்ல சோற்றுப் பசி.

போகிற வழியில் மவுண்ட் ரோடு மாடி ஏறி, கைமிஷினை ராஜகோபாலனின் மேஜைமேல் வைத்தார். போணி ஆகிவிட்டது, இனிமேல் வர மாட்டேன் என்றார். என்ன விற்றீர் என்று ராஜகோபாலன் கேட்டார். நிழல் என்றார். எவ்வளவுக்கு என்றார். காலணா என்றார். மானேஜர் சாக்குக்கட்டியை எடுத்து, விற்பனைக் கணக்கு எழுதுகிற கரும்பலகை வரை போய், எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் திரும்பி வந்தார். அவர் மேஜைமேல் அந்த வாரக் கடிதம் பிரிக்கப்படாமல் கிடந்தது. "சரி ஓய், ஆத்துக்குப் போங்கோ. பொண்ணுக்கு என் ஆசீர்வாதம்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்ததாகச் சொல்கிறார்கள். ஷரஃபுதீன் அப்புறம் பாண்டி பஜாரில் நூலும் பித்தானும் விற்கிற கடை ஒன்றில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்குக் கேட்டதை எடுத்துக் கொடுத்தே இருபத்திரண்டு வருஷம் ஓட்டினார்.

அஸர் முடிந்ததும் காஜி பந்தலுக்கு வந்தார். ஷரஃபுதீனைப் பந்தலுக்கு வெளியே வெயிலில் நிறுத்திச் சுற்றிவந்து பார்த்தார். நிழல் கடல் பக்கமாக, அந்த நேரத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு, விரற்கடை கூடக் குறையாமல் கிடந்தது. அவர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து தேதியை எழுதினார். சம்மதம் கேட்க உள்ளே போனவர்களிடம் சகினா, அப்பா எந்தக் கிழமையில் இருக்கிறார் என்று கேட்டாள். வெள்ளி என்றார்கள். சம்மதம் என்றாள். ஷரஃபுதீன் கையெழுத்துப் போட்டார், இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார், மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டியபடியே பாயில் சாய்ந்து தூங்கிப்போனார். பத்து இரவுத் தூக்கம் பாக்கி இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் மாப்பிள்ளை வீட்டார் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரைச் சுற்றி விரிப்பை விரித்து அடுத்த பந்தியை உட்கார வைத்தார்கள். மறுநாள் சகினா அவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அரக்கோணத்துக்கு ரயில் ஏறினாள். ஷரஃபுதீன் ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் கண் விழித்து, மணி என்ன என்று கேட்டார். பொழுது சாய்ந்துவிட்டது என்றாள் அஸ்மத்துன்னிசா. நல்லது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.