அக்காவின் +++

அக்காவும் தம்பியும் வீட்டு முன்னறையிலேயே மென்பொருள் கம்பெனி நடத்தினார்கள். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தந்தது அவர்களுடைய மென்பொருள்தான். போனில் பதிந்தவர்களையும் இணையத்தில் பதிந்தவர்களையும் ஒரே பட்டியலாக்க, அக்கா தான் எழுதிய நிரல் பகுதியில், அதாவது தன் மாட்யூலில், சொந்தமாக ஒரு குறி உண்டாக்கியிருந்தாள்: +++. தம்பிக்கு அது பிடித்துப்போய், தன் மாட்யூலில் அதே குறியை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டான். அவனுடைய +++ முதல் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளும். அது காலியாக இருந்தால்தான் இரண்டாவதைத் தொடும்.

"ஒரே பேர்ல ரெண்டு பிள்ளையாடா? கூப்பிட்டா எது வரும்?" என்றாள் அக்கா.

"உன் வீட்ல உன் பிள்ளை, என் வீட்ல என் பிள்ளை. போக்கா."

திங்கட்கிழமை காலை கிளினிக்கில் ஒரே நேரத்துக்கு இரண்டிரண்டு பேர் வந்து நின்றார்கள். அக்காவும் தம்பியும் கிளினிக்குக்கு ஓடினார்கள். டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார்.

"யார் பண்ண வேலை இது?"

"அக்காவோட ஃபைல்தான் டாக்டர்," என்றான் தம்பி பட்டென்று. "சோதிச்சுப் பாருன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!"

அக்கா அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, புது நேரம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

சொன்னதை நிரூபிக்கத் தம்பி மூலையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். அக்கா எழுதியதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் ஃபைலின் தலையில் ஒரு வரி புதிதாக இருந்தது. தேதியை அழகாகக் காட்ட வெள்ளிக்கிழமை அவனே தன் மாட்யூலை அங்கே இழுத்து வந்திருந்தான். அவர்கள் எழுதிய நிரல் மொழியில் பின்னால் வந்தது முன்னால் இருந்ததை மூடிவிடும். ஒரு எச்சரிக்கைகூடத் தராது. அக்காவின் +++ அன்றைக்கே அவனுடைய +++ ஆகிவிட்டது. இணையத்தில் பதிந்தவர்கள் பட்டியலிலிருந்து விழுந்து, அவர்கள் நேரமெல்லாம் மற்றவர்களுக்குப் போயிருந்தது.

அவனுக்குக் காது மடல் சுட்டது.

"தெரியாத வேலையை எதுக்கும்மா இழுத்துப் போட்டுக்கறீங்க?" கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் அக்காவைக் கடிந்துகொண்டிருந்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் எழவில்லை. தன் குறி மட்டும் உள்ளே வராதபடி சத்தமில்லாமல் அந்த வரியைத் திருத்தினான்.

கூட்டம் கலைந்த பிறகுதான் டாக்டரின் அறைக்குப் போனான். "டாக்டர்... அக்கா மேல தப்பில்ல. நான் சேர்த்த வரிதான்."

டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "குற்றம் சொன்னது ஊர் கேட்க. இது மட்டும் என் காதுலயா?"

பஸ் நிறுத்தத்தில், "என் குறியை எடுத்துடறேன்க்கா," என்றான்.

"குறி கிடக்கட்டும். திரையைப் பாத்து உன் முகம் செத்துப்போச்சே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுது. எப்படியும் எந்திரிச்சு வருவேன்னு பாத்துட்டே இருந்தேன்டா."

பஸ் வந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. வீடு வரும்வரை அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான்.