மந்திரித்த உப்பு

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. 1974. அப்போது ஓர் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர்.

2

‘தூத்துக்குடிக் கடலில் முத்துக்கள்…’ (வேண்டாம். இதில் யாரும் முத்தெடுக்கவில்லை.)

பிளாரன்ஸின் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். மகள் பிலோமிக்குப் பதினோரு வயது. கன்னங்களில் சிவப்புப் படர்ந்தது, மூட்டு வலித்தது, பிறகு முகமும் காலும் வீங்கின. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே சிறுநீரகத்தைத் தின்கிறது என்றார் டாக்டர் ஞானையா. வேலியே பயிரை மேய்ந்த கதை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

“உப்பு ஒரு கல்லுகூடக் கூடாதும்மா.”

பிளாரன்ஸ் அடுப்படி உப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். தினமும் காலையில் பிள்ளையின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்ப்பாள். வெள்ளையாகத் திரண்டால் நோய் குறையவில்லை. ஒரு நாளாவது தெளிந்திருக்கக் கூடாதா?

3

பிலோமிக்குத் திடீரென்று பக்தி முற்றியது. (இந்த வரியில் சிரிப்பு எட்டிப் பார்க்கிறது; அடிக்க மனமில்லை.)

செபம் முடிந்ததும், சாமியார் மந்திரித்துக் கொடுத்த கோயில் உப்பில் ஒரு கல்லைத் தாய் அவள் நாக்கில் வைப்பாள். உப்பில்லாக் கஞ்சி குடித்த பிள்ளை, நாளுக்கு ஐந்து தடவை முழங்காலிட்டது.

“எம்மா, இன்னொரு செபம் சொல்லட்டா?”

“சொல்லு மக்கா, மாதா கேப்பா.”

வீக்கம் கூடியது. உப்புக் கொடுத்தாயா என்று டாக்டர் கேட்டார். சத்தியமாக இல்லை என்றாள். அவளுக்கு அது பொய்யில்லை. கோயில் உப்பு உப்பில் சேர்த்தியா?

4

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து பிலோமி போனாள். (அவள் பிழைத்ததாக ஒரு முறை எழுதினேன். வெட்கப்பட்டுக் கிழித்தேன்.)

தலையணைக்கடியில் பொட்டலம் கிடந்தது. இது என்ன என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன். கோயில் உப்பு என்றாள் பிளாரன்ஸ். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இதுனாலயா என் பிள்ள போனா? சொல்லுங்கய்யா.”

சிறுநீரகம் முன்பே கெட்டிருந்தது. அழுத்தத்தை உப்பும் ஏற்றியிருக்கும். எது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

“இல்லம்மா. இது ஒண்ணும் செய்யாது” என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் சங்கரம்மாள், முகம் வீங்கிய தன் மகனோடு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள்தான் பிளாரன்ஸிடம் ஒரு கை கோயில் உப்பு வாங்கி முந்தானையில் முடிந்திருந்தாளாம்.

பிறகு சங்கரம்மாளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று சாயங்காலமே அவள் மகனைத் தூக்கிக்கொண்டு கொற்கைப் பக்கம் ஊருக்குப் போய்விட்டாள்.

5

(இந்தப் பகுதியை நான் எழுதவில்லை. அந்தப் பையன் பிழைத்தான் என்று எழுத உங்களுக்கு மனம் வந்தால் எழுதுங்கள். எனக்கு அந்த உரிமை இல்லை.)