பட்டினித் தொட்டி

மரக்கூழ் ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் என் மனைவியின் தம்பியை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். என் மனைவியைக் கேட்டால் அவள்தான் சேர்த்துவிட்டதாகச் சொல்வாள். அது தனிக் கதை.

மச்சானுக்குச் சுலபமான வேலை. காலையில் ஒரு மணி நேரம் வால்வைத் திறந்து, பழுப்பான ஆலைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விட வேண்டும். அதிலிருக்கும் சர்க்கரையும் அமிலமும்தான் உள்ளே வாழும் நுண்ணுயிர்களுக்குச் சோறு. பிறகு மூடிவிட்டு, மறுநாள் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பட்டினி கிடந்த நுண்ணுயிர்தான் அடுத்த முறை கிடைத்ததைப் பிளாஸ்டிக்காக மாற்றி வயிற்றுக்குள் பதுக்கும்; அதை எடுத்து விற்கத்தான் ஆலை இந்தத் தொட்டியையே கட்டியது. வேளாவேளைக்குச் சாப்பிடுவது எதற்குப் பதுக்கப் போகிறது?

இரண்டு மாதமாக நுண்ணுயிர்களின் எடையில் பிளாஸ்டிக் நூற்றுக்கு நாலு பங்கைத் தாண்டவில்லை. இன்னும் ஒரு மாதத்தில் முப்பது வராவிட்டால் தொட்டியை மூடி, தற்காலிக ஆளான மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேலாளர் சொன்னார். அதை அளந்து சொல்வது என் வேலை; ஆலைச் சோதனைக்கூடத்தில் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு நாள் மத்தியானம் தொட்டிப் பக்கம் போனால், மச்சான் வால்வைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறான். நாய்க்குட்டிக்குப் பால் ஊற்றுகிறவன் முகம்.

"என்னடா பண்ற?"

"பாவம் மாமா. காலைல சாப்பிட்டதோட சரி. கொஞ்சூண்டுதான் விட்டேன்."

"தினமுமா?"

"ஆமா. ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு தடவ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வால்வுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்; காலை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் நானே வந்து பூட்டைத் திறந்துவிட்டேன். மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. மாதக் கடைசியில் முப்பத்தெட்டு வந்தது.

மேலாளருக்கு வாயெல்லாம் பல். முன்பு ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொன்னால் பையன் தொலைந்தான்.

"வால்வு ஒழுகிச்சு சார்" என்றேன். பொய் சொன்னதில் எனக்குத் துளி வெட்கமில்லை. சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த வாரமே புது வால்வு வந்தது. நேரத்துக்குத் தானே திறக்கும், தானே மூடும், பக்கத்தில் ஆள் வேண்டாம். மச்சானை அன்றைக்கே கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அந்த வால்வு அதுங்களுக்கு ஒழுங்கா சோறு போடுமா மாமா?"

"போடும்" என்றேன்.

"இவனுக்கு?" என்றாள் என் மனைவி.